படியளக்க ஆளில்லாத படை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே புள்ளியைச் சுற்றுகின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் பிடி நழுவிய பிறகும், பிரிட்டனில் ஒரு ரோமன்-பிரிட்டிஷ் அரசு பிழைத்திருந்தால்? கேட்டவர்களில் பெரும்பாலோர் கதை எழுதுகிறவர்கள். எனவே பதில்களும் கதைக்குப் பயன்படுகிற மாதிரியே.

கே: கி.பி. 410-இல் ரோமர்கள் வெளியேறாமல் இருந்தால் என்று நாவலை ஆரம்பிக்கலாமா?

ப: 410-இல் வெளியேறுவதற்குப் பெரிதாக ஆளே மிச்சமில்லை. படை தவணை தவணையாக முன்பே போய்விட்டது. 383-இல் கலகம் செய்த தளபதி மாக்னஸ் மாக்சிமஸ் ஒரு பகுதியைக் கல்லியாவுக்கு (இன்றைய பிரான்ஸ்) கூட்டிப்போனார். 401–402 வாக்கில் இத்தாலியைக் காப்பாற்ற ரோமத் தளபதி ஸ்டிலிக்கோ இன்னொரு பகுதியை வரவழைத்தார். 407-இல் மூன்றாம் கான்ஸ்டன்டைன் மிச்சத்தில் முக்கால்வாசியைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்தார். 409 வாக்கில் பிரிட்டன்காரர்களே ரோம அதிகாரிகளைத் துரத்திவிட்டார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் சோசிமஸ். 410-க்கு நம் கையில் இருப்பது, 'உங்களை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்' என்று பேரரசர் ஹொனோரியஸ் நகரங்களுக்கு எழுதியதாக அதே சோசிமஸில் வரும் ஒற்றை வரிதான். அந்தக் கடிதமும் இத்தாலியின் தென்கோடியில் உள்ள புருட்டியத்துக்குப் போனது, ஏடு எழுதியவர் பெயரைக் குழப்பிவிட்டார் என்று வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

நல்ல திருப்புமுனை 407. 406-இல் பிரிட்டன் படை மார்க்கஸ் என்பவரைப் பேரரசராக்கியது, கொன்றது. அடுத்து கிரேஷியன்; நாலு மாதம் தாங்கினார், அவரையும் கொன்றது. மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தது கான்ஸ்டன்டைன் என்கிற சாதாரணச் சிப்பாயை. ராசியான பெயர் (பழைய பேரரசர் மகா கான்ஸ்டன்டைனின் பெயர்) என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒரோசியஸ் குத்தலாக எழுதுகிறார். 'இவர் கடல் கடக்காமல் பிரிட்டனிலேயே இருந்துவிட்டார்' என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இருந்திருந்தால் அவருக்கும் நாலு மாதம்தான். ரைன் நதியைத் தாண்டி வந்த வாண்டல்கள் என்கிற ஜெர்மானியக் கூட்டத்தார் கல்லியாவில் புகுந்திருந்தார்கள். சம்பளமாக வரவேண்டிய காசு அந்தப் பக்கத்து நாணயச்சாலைகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். 402-க்குப் பிறகு அது மொத்தமாக வருவது நின்றிருந்தது. படைக்குக் காசு வேண்டும், காசு கடலுக்கு அப்பால் இருக்கிறது. எனவே போகத்தான் செய்வார்கள்.

கான்ஸ்டன்டைனைப் போகவிடுங்கள். அவருடைய தளபதி ஜெரான்டியஸைத் தடுத்து நிறுத்துங்கள். இவர் பிரிட்டனில் பிறந்தவர், திறமைசாலி. நிஜத்தில் ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கலகம் செய்து, 411-இல் தன் எஜமானரையே ஆர்ல் நகரில் முற்றுகையிட்டார். அந்த ஆளை லண்டனில் பிரதிநிதியாக விட்டுவைத்தால், 409-இல் துரத்தப்படுவதற்குப் பதில் துரத்துகிறவர்களுக்குத் தலைமை தாங்கியிருப்பார். ஒரே ஒரு பணிமாற்றம்தான். பேரற்புதம் எதுவும் தேவையில்லை.

கே: அப்படி ஒரு அரசு எவ்வளவு பெரிய படையை வைத்துக்கொள்ள முடியும்? இருபதாயிரம் பேர் என்று எழுதியிருக்கிறேன்.

ப: பாதிக்கும் கீழே இறக்குங்கள். நாணயம் இல்லாத நாட்டில் படையின் அளவைத் தீர்மானிப்பது களஞ்சியமும் மாட்டுவண்டியும்தான். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு காலாட்படை வீரனுக்கு மாதம் சுமார் 4 மோடியஸ் கோதுமை என்பது ரோமர்களின் பழைய அளவு. ஒரு மோடியஸ் 6.7 கிலோ என்று வைத்தால், மாதம் 27 கிலோ. படை 6,000 பேர் என்றால் வருஷத்துக்கு 1,944 டன். ஐந்தாம் நூற்றாண்டுச் சிப்பாய்க்கு மனைவி மக்கள் உண்டு. அதை இரட்டியுங்கள், சுமார் 3,900 டன். ஆறாயிரத்தில் 2,000 பேர் குதிரைப்படை, குதிரைக்கு நாளைக்கு 2.5 கிலோ பார்லி என்று வைத்தால் இன்னொரு 1,825 டன். மொத்தம் ஏறக்குறைய 5,700 டன். விதைக்கும் வயிற்றுக்கும் போக ஒரு விவசாயக் குடும்பம் 300 கிலோ மிச்சம் பிடிக்கும் என்று கொண்டால், 19,000 குடும்பங்கள் படியளக்க வேண்டும். பிரிட்டனின் தாழ்நிலத்துக்கு இது பெரிய சுமை இல்லை. 359-இல், பின்னாளில் பேரரசரான ஜூலியன் ரைன் எல்லைப் படைகளுக்கே பிரிட்டனிலிருந்து தானியம் கப்பலேற்றியிருக்கிறார்.

இடிக்கிற இடம் போக்குவரத்து. மாட்டுவண்டியில் 1,500 ரோம ராத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது தியோடோசியஸ் சட்டத்தொகுப்பு. அதாவது சுமார் 490 கிலோ. நம் 5,700 டன்னுக்கு 11,600 வண்டிச் சுமை. காளை நாளைக்கு 15 கிலோமீட்டர் நடக்கும், நடக்கும்போது தின்னவும் செய்யும். 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோட்டைக்குத் தானியம் போய்ச்சேர ஒரு வாரம். திரும்ப ஒரு வாரம். இதைத் தவிர்க்க ஒரே வழி, தானியம் இருக்கிற இடத்துக்குப் படையை அனுப்புவது. இருநூறு பேர் இங்கே, முந்நூறு பேர் அங்கே.

வினை அங்கேதான் தொடங்குகிறது. இருநூறு பேரின் தலைவன் பக்கத்து ஊர்த் தானியத்தைத் தானே வாங்கித் தானே பங்கு போட ஆரம்பித்தால், இரண்டு தலைமுறையில் அவன் குறுநில மன்னன். வடக்கு எல்லையான ஹாட்ரியன் சுவரில் உள்ள பர்டாஸ்வால்ட் கோட்டையில் இது தரையிலேயே தெரிகிறது: தெற்குக் களஞ்சியத்தின் அடித்தளம் நிரப்பப்பட்டு, உள்ளே கணப்பு அடுப்புகள் வந்தன; பிறகு இடிந்துபோன வடக்குக் களஞ்சியத்தின் மேல் பெரிய மரக்கூடம் எழுந்தது. தானியம் வைத்த இடத்தில் தலைவன் உட்கார்ந்துவிட்டான். உங்கள் அரசு பிழைக்க வேண்டுமென்றால், படி அளக்கிறவனும் படை நடத்துகிறவனும் வேறு வேறு ஆளாக இருந்தே தீரவேண்டும். பிற்கால ரோம நிர்வாகம் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றும் கணக்கர் ஒருவரைக் கதையில் வையுங்கள். வாள்வீரனைவிட அவர் முக்கியம்.

கே: அரசே நாணயம் அடித்துக்கொள்ளக் கூடாதா?

ப: அடிக்கலாம். அதற்கு ஒத்திகை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 286-இல் கால்வாய்க் கடற்படையின் தளபதி கராசியஸ் பிரிட்டனைத் தனி அரசாக்கி, லண்டனில் நாணயச்சாலை திறந்து, ரோமில் அப்போது கிடைத்ததைவிட நல்ல வெள்ளியில் காசு போட்டார். ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் புலோன் துறைமுகமும் அவர் கையில் இருந்தது. 293-இல் புலோன் விழுந்தது. அதே வருஷம் அவரைக் கொன்றவர் அவருடைய நிதி அதிகாரி அலெக்டஸ். 296-இல் ரோமத் தரப்பின் கான்ஸ்டான்டியஸின் படை வந்து கதையை முடித்தது. பத்து வருஷம். கடற்படையும் வெள்ளியும் எதிர்க்கரையில் ஒரு துறைமுகமும் இருந்தபோதே அவ்வளவுதான்.

410-க்குப் பிறகு நிலைமை வேறு. புதுக் காசு வராததால், இருந்த சிலிக்குவா என்கிற வெள்ளிக்காசுகளின் விளிம்பைச் சுரண்டினார்கள். 1992-இல் சஃபோக்கில் கிடைத்த ஹாக்ஸன் புதையலில் 14,865 காசுகள். அதில் 569 தங்கம், மீதி கிட்டத்தட்ட முழுக்க வெள்ளி. வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை விளிம்பு வெட்டப்பட்டவை. ஆனால் பேரரசரின் தலையை மட்டும் தொடவில்லை. தலை முழுசாக இருக்கும்வரை அது காசு, தலை போனால் வெறும் வெள்ளித்துண்டு. வெட்டிய துணுக்குகளை உருக்கிப் போலிக் காசும் அடித்தார்கள். உங்கள் அரசு இதைக் கையிலெடுத்து, வெட்டிய காசுக்கு முத்திரை போட்டு இவ்வளவு மதிப்பு என்று அறிவித்தால் ஒரு தலைமுறை ஓட்டலாம். மெண்டிப் குன்றுகளில் ஈயத்தோடு வெள்ளி எடுத்த அனுபவம் முதல் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் சுரங்கத்துக்கு ஆள், ஆளுக்குச் சோறு, மறுபடி அதே மாட்டுவண்டிக் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. 450-இல் உங்கள் பாத்திரம் சந்தைக்குப் போய் செப்புக்காசு எண்ணிக் கொடுத்து மண்பானை வாங்குவதாக எழுதிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, நியூ ஃபாரஸ்ட், நீன் பள்ளத்தாக்குப் பானைத் தொழில்கள் எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படுத்துவிட்டன. சில்லறை இல்லாமல் பானைச் சந்தை நடக்காது.

கே: இந்த அரசுக்கு முதல் எதிரி யார்? சாக்ஸன்களா, பிக்டுகளா?

ப: கடல் கடந்து வந்த ஜெர்மானியச் சாக்ஸன்களும் இல்லை, வடக்கே இன்றைய ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பிக்டுகளும் இல்லை; உள்ளூர் நிலக்கிழார்கள். பேரரசின் வரியை வசூலித்தது நகரசபை உறுப்பினர்களான தெக்கூரியன்கள். வசூல் குறைந்தால் சொந்தக் கையிலிருந்து கட்டவேண்டும். புனித பேட்ரிக்கின் தந்தை கல்பூர்னியஸ் அப்படி ஒரு தெக்கூரியன். கூடவே திருச்சபையில் உதவிக் குருவும்கூட. அந்த வர்க்கத்துக்கு 409 ஒரு விடுதலை நாள். வரி அதிகாரியைத் துரத்திவிட்டு, மறுவருஷமே இன்னொரு வரி அதிகாரியை வரவேற்க யார் வருவார்கள்? இந்த இடத்தில்தான் பல மாற்று வரலாறுகள் பொத்தென்று விழுகின்றன. கடற்கரையில் ஒரு பெரிய சூறை நடந்து, 'வரி கொடுப்பது மலிவு' என்று அவர்களுக்கு உறைக்கும்படி முதல் அத்தியாயத்திலேயே செய்துவிடுங்கள்.

கே: சாக்ஸன்களைக் கூலிப்படையாக அழைத்ததுதானே முட்டாள்தனம்? அதைத் தவிர்த்துவிட்டால் போதாதா?

ப: வேலியே பயிரை மேய்ந்த கதை என்று, ஆறாம் நூற்றாண்டு பிரிட்டன் துறவி கில்டாஸ் காலத்திலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வெளியாரை ஒப்பந்தப் படையாகக் குடியேற்றுவது அன்றைய ரோமின் அன்றாட வழக்கம். 418-இல் விசிகோத்களை அக்விட்டேனியாவில் அப்படித்தான் அமர்த்தினார்கள். கில்டாஸ் சாக்ஸன்களை வைது எழுதும்போதும் அவர் பேனாவில் வருபவை அரசாங்கச் சொற்கள்: ஒப்பந்தம், விருந்தாளி, படி, மாதப்படி. சண்டை மூண்ட காரணமாக அவர் சொல்வதும் மாதப்படி போதவில்லை என்கிற முறையீட்டைத்தான். ஆள் எடுத்ததைவிட, எடுத்த ஆளுக்கு அளந்து போட முடியாமல் போனதே சிக்கல்.

எனவே செய்முறையை மாற்றுங்கள். ஒரே இடத்தில், அதுவும் தேம்ஸ் முகத்துவாரம் மாதிரி புதுக் கப்பல்கள் வந்து இறங்கக்கூடிய கரையில் குடிவைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கிழக்கு எல்லைக்கு மேற்கிலிருந்தும், மேற்கு எல்லைக்குக் கிழக்கிலிருந்தும் ஆள் எடுங்கள். ஐரிஷ்காரர்கள் இருக்கிறார்கள்: பழைய ரோம நகரமான ராக்ஸ்டரில் 1967-இல் கிடைத்த கல்லறைக் கல்லில் லத்தீன் எழுத்தில் இருப்பது கூனோரிக்ஸ் என்கிற ஐரிஷ் பெயர். அவர் அங்கே படைவேலை பார்த்தவராக இருக்கலாம் என்பது ஒரு நியாயமான ஊகம். மாதப்படிக்குப் பதில் நிலம் கொடுங்கள். களஞ்சியம் காலியானாலும் கலகம் வராது. தலைவர்களின் பிள்ளைகளை 'படிப்பதற்கு' என்று தலைநகரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கப்பலில் கூலிப்படைத் தலைவன் ஹெங்கிஸ்ட் வந்தான், நாடு போயிற்று என்று ஒரே இரவுக் காட்சியாகவும் வேண்டாம். 452-ஆம் ஆண்டுக் கல்லியக் குறிப்பேடு 441-இலேயே பிரிட்டன் சாக்ஸன்கள் வசமானதாகச் சொல்கிறது. எட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பீட் 449-ஐ ஒட்டி அவர்களின் வருகையை வைக்கிறார். 2022-இல் வெளியான பழங்கால டி.என்.ஏ. ஆய்வு, இங்கிலாந்தின் கிழக்கிலும் தெற்கிலும் தொடக்க இடைக்காலத்தில் புதைக்கப்பட்டவர்களின் மரபுவழியில் சராசரியாக 76 சதவீதம் வடகடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று காட்டியது. பெண்கள், பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக. அதைப் போர்க்களத்தில் நிறுத்த முடியாது. குடியேற்றக் கொள்கையில்தான் நிறுத்த முடியும்.

கே: ஆர்தரைச் சேர்க்கலாமா?

ப: வேண்டாம். பிரிட்டன்கள் சாக்ஸன்களை வென்ற பேடன் குன்றுப் போரைச் சொல்லும் கில்டாஸ் ஆர்தரைச் சொல்லவில்லை. ஆர்தரின் பன்னிரண்டு போர்களின் பட்டியல் ஒன்பதாம் நூற்றாண்டு ஏட்டில்தான் வருகிறது. நாயகன் தேவையென்றால் அம்ப்ரோசியஸ் அவ்ரேலியானஸ் இருக்கிறார். பெற்றோர் ஊதா ஆடை (ரோமில் பேரரசர், உயர்பதவியினரின் நிறம்) உடுத்தியவர்கள் என்று கில்டாஸே சான்று தருகிறார். ரோமப் பரம்பரைக்கு அதைவிடப் பத்திரம் வேண்டியதில்லை.

கே: தலைநகரை லண்டனில் வைப்பதா, யார்க்கில் வைப்பதா?

ப: இரண்டும் வேண்டாம். லண்டன் மதிலுக்குள் 330 ஏக்கர். காக்க ஆளில்லை, ஆறோ சாக்ஸன் படகுக்கு நேர்வழி. யார்க் வடக்குத் தளபதியின் பிடியில் இருக்கும். அவரைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டளையிட முயலாதீர்கள்.

சரியான இடம் சைரன்செஸ்டர், அன்றைய கொரினியம். பிரிட்டானியா ப்ரீமா மாகாணத்தின் தலைநகர், சுற்றிலும் வில்லாக்களின் (பண்ணை மாளிகைகளின்) தானியம், பக்கத்தில் க்ளாஸ்டர் வழியாகச் செவர்ன் நதி, தெற்கே மெண்டிப் ஈயம். மேற்கே டின்டேஜல் முனையில் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிழக்கு மத்தியதரைக் கடல் எண்ணெய், மதுச் சாடிகளும் சிவப்புப் பளபளப்புத் தட்டுகளும் வந்து இறங்கியிருக்கின்றன. பதிலுக்குப் போனது கார்ன்வாலின் வெள்ளீயம் என்பதே பொதுவான கருத்து. வரி போட ஏற்ற சுங்கச்சாவடி அது. நிஜ வரலாற்றில் இந்தத் துறைமுகத்துச் செல்வம் அந்த வட்டாரத் தலைவனோடு நின்றுவிட்டது.

இந்த இடத்தின் பலவீனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேட்டின்படி 577-இல் டைரம் போரில் மூன்று பிரிட்டன் மன்னர்கள் மாண்டார்கள். க்ளாஸ்டர், சைரன்செஸ்டர், பாத் மூன்றும் ஒரே அடியில் போயின. மூன்று நகரத்துக்கு மூன்று மன்னர்கள் என்று இருந்ததைக் கவனியுங்கள். உங்கள் கதையில் அங்கே ஒருவர் இருக்கவேண்டும்.

கே: மக்கள் என்ன மொழி பேசுவார்கள்? பட்டங்கள் எப்படி இருக்கும்?

ப: தாழ்நிலத்தில் பிரெஞ்சுக்கு அக்கா மாதிரி ஒரு லத்தீன் வழிமொழி வளர்ந்திருக்கும். மேற்கிலும் வடக்கிலும் பிரிட்டானிக் மொழி. அதன் வாரிசான வெல்ஷில் பாலத்துக்கு 'பான்ட்', ஜன்னலுக்கு 'ஃபெனெஸ்டர்', பள்ளிக்கு 'அஸ்கோல்' எல்லாம் லத்தீன் கடன்தான். இரண்டும் பேசுகிற எழுத்தர் வர்க்கம் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்.

'மன்னர்' என்ற பட்டத்தை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். வேல்ஸின் பென்மாக்னோ கல்வெட்டு ஒருவரை 'வெனிடோஸின் குடிமகன், மஜிஸ்திரேட் மாக்லஸின் உறவினர்' என்கிறது. குவினெத் என்ற பின்னாள் ராஜ்ஜியத்தின் பெயர்தான் அது. ஆனால் கல்லில் இருப்பதோ குடிமகனும் மஜிஸ்திரேட்டும். அந்தக் கல், ரோம ஆட்சி போய்த் தலைமுறைகள் ஆன பிறகு வெட்டியது. தென்மேற்கு வேல்ஸின் டவெட் பக்கத்தில் இன்னொரு கல் 'வோட்டெபோரிக்ஸ் ப்ரொடெக்டர்' என்று மெய்க்காவல் பட்டத்தைச் சுமக்கிறது. கூட்டாட்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால், வட ஆப்பிரிக்காவின் அல்தாவாவில் 508-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் மசூனா என்பவர் 'மூர்கள் மற்றும் ரோமானியர்களின் மன்னர்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். 'பிரிட்டன்கள் மற்றும் சாக்ஸன்களின் ஆளுநர்' என்று உங்கள் கதையில் ஒருவர் பட்டம் சூட்டிக்கொள்ள அது போதுமான முன்மாதிரி.

கே: எத்தனை வருஷம் இந்த அரசை வாழவைக்கலாம்?

ப: 540-கள்வரை தாராளமாக. அதற்குப் பிறகு உங்கள் எதிரி மனிதர் அல்ல. 536-இன் இருண்ட கோடையும் அதைத் தொடர்ந்த குளிர் வருஷங்களும் விளைச்சலைத் தின்னும். அடுத்து, 541-இல் எகிப்தில் கிளம்பிய கொள்ளைநோய். 540-களிலேயே அயர்லாந்து ஏடுகளில் கொள்ளைநோய்க் குறிப்பு வருகிறது. குவினெத்தின் மன்னர் மேல்குன் 547-இல் கொள்ளைநோயில் இறந்ததாக வேல்ஸ் ஆண்டேடு சொல்கிறது. மத்தியதரைக் கடலோடு சாடி வியாபாரம் செய்த மேற்குக் கரைக்கு நோய் வர ஒரு கப்பல் போதும். பிரிட்டனில் எஞ்சிய அரசுகள் தாங்கியதற்குக் காரணம் அவை சிறியவை, மலைப்பாங்கானவை: ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் பாறையில் இருந்த அரசின் கோட்டை 870-இல் வைக்கிங்குகளின் நாலு மாத முற்றுகையில்தான் விழுந்தது, குவினெத் 1283 வரை நின்றது. உங்கள் 19,000 குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு போனால் படை எவ்வளவு சுருங்கும் என்று மேலே போட்ட கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கே: கதாநாயகியின் வீட்டில் புது மொசைக் தரை போடுவதாக ஒரு காட்சி. காலம் 440. அபத்தமா?

ப: இல்லை. க்ளாஸ்டர்ஷரின் செட்வர்த் வில்லாவில் ஒரு மொசைக் தரை அப்படிப்பட்டதுதான். அந்த அறையை உண்டாக்க எழுப்பிய சுவரின் அடித்தளக் குழியில் கிடைத்த கரியையும் எலும்பையும் ரேடியோகார்பன் முறையில் சோதித்தார்கள். சுவரே 424-க்கு முந்தையதாக இருக்க முடியாது என்று 2020-இல் அறிவித்தார்கள். அப்படியானால் அந்தச் சுவருக்குள் பொருந்துகிற தரை அதற்கும் பிந்தையது. வேலைப்பாடு நாலாம் நூற்றாண்டுத் தரைகளின் தரத்துக்கு இல்லை, அங்கங்கே பிசகும் உண்டு. எனவே தரையைத் தாராளமாகப் போடுங்கள். பட்டறை நிறையத் தொழிலாளிகளைக் கூட்டி வராமல், வயதான ஒருவரையும் கற்றுக்கொள்கிற பையன் ஒருவனையும் அனுப்புங்கள். பின்னல் கோலம் ஒரு மூலையில் சேராமல் போகட்டும். கூலியைத் தானியமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.